இன்வாய்ஸ் விலை அடக்க விலையா? அமெரிக்காவில் புதுக் கார் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சிக்கு வந்தபின் மூன்று புதுக் கார்கள் வாங்கியிருக்கிறேன். முதல் காரில் ஏமாந்தேன். அதன்பிறகு வேலைக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்குத் துணையாக டீலர்ஷிப்புக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. போகிற வழியில் காருக்குள் அவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, இன்வாய்ஸ் விலைக்கே தர்றேன்னு சொல்றான், வாங்கிடலாமா?" அந்தக் கேள்வியையும் அதை ஒட்டி வரும் மற்றவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்வாய்ஸ் விலை என்றால் என்ன?

கார் கம்பெனி தன் டீலருக்கு ஒரு காரை அனுப்பும்போது கூடவே ஒரு பில் போடும். அந்த பில்லில் இருக்கும் தொகைதான் இன்வாய்ஸ் விலை. காரின் அடிப்படை விலை, கூடுதலாகச் சேர்த்த வசதிகளின் விலை, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் செலவு, சில பிராண்டுகளில் அந்த வட்டாரத்து விளம்பரத்துக்கான பங்கு, எல்லாம் அதில் சேர்ந்திருக்கும்.

டீலர் இந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்டுவது குறைவு. பெரும்பாலும் வங்கியிடமோ, கார் கம்பெனியின் நிதி நிறுவனத்திடமோ கடன் வாங்கித்தான் காரை நிறுத்திவைக்கிறார். 'ஃப்ளோர் பிளான்' என்பது அந்தக் கடனுக்குப் பெயர். கார் விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு வட்டி ஓடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேரத்தில் உதவும்.

அப்படியானால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை?

அது கம்பெனி பரிந்துரைக்கும் சில்லறை விலை. பேச்சில் 'ஸ்டிக்கர் விலை' என்பார்கள். அந்தச் சீட்டுக்கு 'மன்ரோனி ஸ்டிக்கர்' என்று பெயர். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதுக் காரின் கண்ணாடியில் விலை விவரம் ஒட்டியிருக்க வேண்டும். வாங்குபவர் கைக்குக் கார் போவதற்கு முன் அதைக் கிழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அதற்கு முன்பு டீலர் வாயில் வந்ததுதான் விலை.

ஒன்றைக் கவனியுங்கள். மன்ரோனி சீட்டுக்குப் பக்கத்தில் அதே சாயலில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கலாம். அது டீலர் தானாக அச்சடித்தது. பெயின்ட் பாதுகாப்பு, டயரில் நைட்ரஜன், கதவு ஓரத்துக்கு ரப்பர், 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்றெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 2021, 2022இல் சிப் தட்டுப்பாட்டால் கார் கிடைக்காமல் இருந்தபோது, இந்த இரண்டாவது தாளை வைத்து ஸ்டிக்கர் விலைக்கு மேலேயே ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். சட்டம் கேட்பது முதல் சீட்டை மட்டும்தான். இரண்டாவது தாளில் இருக்கும் எதையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இன்வாய்ஸ் விலைக்கே விற்றால் டீலருக்கு என்ன லாபம்? அடக்க விலைக்கா கொடுப்பார்கள்?

ரங்கநாதன் தெருவில் "உங்களுக்காக அடக்க விலைக்கே தர்றேன்" என்று சொல்லும் கடைக்காரரை நாம் நம்பமாட்டோம். ஆனால் இங்கே ஒருவர் அச்சிட்ட தாளைக் காட்டிச் சொன்னால் நம்பிவிடுகிறோம். தாள் பொய்யில்லை. ஆனால் டீலரின் அடக்கம் அந்தத் தாளோடு முடிவதில்லை.

முதலாவது, 'ஹோல்ட்பேக்'. பல கம்பெனிகள் இன்வாய்ஸில் ஒரு சிறு பங்கைக் கூட்டி எழுதி, கார் விற்றபிறகு அதை டீலருக்கே திருப்பித் தருகின்றன. வழக்கமாக 1 முதல் 3 சதவீதம். சிலர் ஸ்டிக்கர் விலையில் கணக்கிடுவார்கள், சிலர் இன்வாய்ஸ் விலையில். எல்லாக் கம்பெனியும் தருவதில்லை. ஃப்ளோர் பிளான் வட்டியைச் சமாளிக்க இது உதவும், ஆனால் கார் சீக்கிரம் விற்றுவிட்டால் பெரும்பகுதி லாபமாகவே நிற்கும்.

இரண்டாவது, கம்பெனி டீலருக்கு மட்டும் ரகசியமாகத் தரும் ஊக்கத்தொகை. 'டீலர் கேஷ்' என்பார்கள். விளம்பரத்தில் வரும் வாடிக்கையாளர் தள்ளுபடி வேறு, இது வேறு.

மூன்றாவது, எண்ணிக்கை போனஸ். இந்த மாதம் இத்தனை கார் விற்றால் ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு என்று படிப்படியாக ஏறும். இலக்குக்கு ஒரு கார் குறையும்போது அந்த ஒரு காரை நஷ்டத்துக்குக்கூட விற்பார்கள். மாதக் கடைசியில் போகச் சொல்வதில் இருக்கும் உண்மை இதுதான்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஸ்டிக்கர் விலை 34,000 டாலர், அதில் போக்குவரத்து 1,200. இன்வாய்ஸ் 32,000. போக்குவரத்தைக் கழித்த ஸ்டிக்கர் விலையில், அதாவது 32,800இல், 2 சதவீதம் ஹோல்ட்பேக் என்றால் 656 டாலர். டீலர் கேஷ் 500. இரண்டையும் கழித்தால் டீலருக்கு அடக்கம் 30,844. இன்வாய்ஸ் விலைக்கே உங்களுக்கு விற்றாலும் 1,156 டாலர் அவர் பக்கம் நிற்கிறது.

இதில் தவறொன்றும் இல்லை. கடை வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் அவர் கொடுத்தாக வேண்டும். 'எனக்கு ஒன்றும் நிற்கவில்லை' என்ற பேச்சைக் கேட்டு நீங்கள் இளகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

டீலர் இன்வாய்ஸ் தாளைக் காட்டினால் எதைப் பார்க்க வேண்டும்?

நிதானமாக வாங்கிப் படியுங்கள். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து காட்டிவிட்டு மடித்து வைத்துக்கொண்டால், அது காட்டியதாகவே கணக்கில்லை.

முதலில் வாகன அடையாள எண். 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். நீங்கள் ஓட்டிப் பார்த்த காரின் டேஷ்போர்டில் கண்ணாடி ஓரமாகத் தெரியும் எண்ணும் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். வேறு காரின் தாளைக் காட்டுவது நடக்கும். அடுத்து இரண்டு பத்திகளாக விலை இருக்கும்: ஒன்று சில்லறை, மற்றொன்று டீலருக்கு. வசதிகளின் வரிசையில் இந்த இரண்டுக்குமான இடைவெளியைப் பாருங்கள். தரைவிரிப்பு, சக்கரம், கூரைக் கம்பி போன்றவற்றில் டீலர் லாபம் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். சில தாள்களில் கீழே சின்ன எழுத்தில் ஹோல்ட்பேக் தொகையே குறிக்கப்பட்டிருக்கும், சில சமயம் இரண்டெழுத்துச் சுருக்கமாக. விளம்பரக் கட்டணம் அச்சில் இருந்தால் அது கம்பெனி போட்டது. பேனாவால் எழுதியிருந்தாலோ, பேரம் நடக்கும் கணினித் திரையில் மட்டும் வந்தாலோ, அது டீலர் சேர்த்தது. வேண்டாம் என்று சொல்லலாம்.

தாளைக் காட்டாவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது?

எட்மண்ட்ஸ் 1966இல் சிறு புத்தகங்களாக விலை வெளியிடத் தொடங்கிய நிறுவனம், இப்போது இணையத்தில் இருக்கிறது. கெல்லி புளூ புக், கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இரண்டும் விலை நிலவரம் அறிய உதவும். உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் பெரிய கடையான காஸ்ட்கோவில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், அவர்களுடைய கார் திட்டத்தில் சேர்ந்த டீலரிடம் உறுப்பினர் விலைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். அதைவிடக் குறைவாக வேறெங்கும் கிடைக்காது என்று பொருளில்லை. ஒப்பிட நல்ல அளவுகோல், அவ்வளவுதான்.

இன்வாய்ஸுக்குக் கீழே கேட்டால் அநாகரிகமா?

இல்லவே இல்லை. ஆனால் எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. வரிசையாக நின்று தூசி படிந்துகொண்டிருக்கும் மாடலுக்கு, அதிலும் அடுத்த ஆண்டு மாடல் வந்தபிறகு, இன்வாய்ஸுக்குக் கீழே தாராளமாகக் கேட்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு லேபிள் இருக்கும், கார் தயாரான மாதமும் ஆண்டும் அதில் உண்டு. ஏழெட்டு மாதம் ஆகியிருந்தால் ஃப்ளோர் பிளான் வட்டி டீலரைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆள் காத்திருந்து வாங்கும் ஹைபிரிட் வண்டிக்கு இன்வாய்ஸ் பேச்சே எடுபடாது. அங்கே ஸ்டிக்கர் விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்காமல், தேவையில்லாத சாமான்கள் ஏற்றாமல் வெளியே வந்தால் அதுவே நல்ல பேரம்.

போக்குவரத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாமா?

அந்த வரியில் குறைக்கமாட்டார்கள். டீலரிடம் கம்பெனி வாங்கும் அதே தொகைதான். தொழிற்சாலை பக்கத்து ஊரில் இருந்தாலும் மாறாது. ஆனால் ஸ்டிக்கரின் மொத்தத்தில் இது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பில்லில் இரண்டாம் முறை வந்தால் விடாதீர்கள்.

'டாக் ஃபீ' என்பது அரசுக் கட்டணமா?

நம் ஊர்ப் பத்திர அலுவலக வாசலில் எழுத்துக்கூலி வாங்குவார்களே, அது போன்றது. டீலர் தாள்வேலைக்காக வாங்கும் சொந்தக் கட்டணம். அரசுக்குப் போவதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: கலிஃபோர்னியாவில் சட்டப்படி 85 டாலருக்கு மேல் வாங்க முடியாது, நியூயார்க்கில் உச்சவரம்பு 175. ஃப்ளோரிடாவில் வரம்பே இல்லை, ஆயிரத்தை நெருங்கும் பில்லைப் பார்க்கலாம். நியூ ஜெர்சியிலும் வரம்பில்லை. "எல்லாருக்கும் ஒரே கட்டணம், மாற்ற முடியாது" என்பார்கள். சரி, கட்டணத்தை மாற்ற வேண்டாம், காரின் விலையில் அந்த அளவு குறையுங்கள் என்று கேளுங்கள்.

அப்படியானால் எந்த விலையை வைத்துப் பேசுவது?

மொத்த விலையை. ஊரில் 'ஆன்-ரோடு' என்கிறோமே, அதற்கு இங்கே 'அவுட் த டோர்' என்று பெயர். கார், போக்குவரத்து, டாக் ஃபீ, விற்பனை வரி, பதிவு, நம்பர் பிளேட், எல்லாம் சேர்ந்து சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வர ஆகும் தொகை. நகைக்கடையில் பவுன் விலையில் யாரும் பேரம் பேசுவதில்லை, சேதாரத்திலும் செய்கூலியிலும்தான் பிடி இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். கார் விலையில் 500 குறைத்துவிட்டுக் கடைசித் தாளில் 900 ஏற்றுவார்கள். மொத்தத்தைப் பிடித்தால் எங்கே ஏற்றினாலும் தெரிந்துவிடும்.

நான் செய்வது இது. 50 மைல் சுற்றளவில் நான்கைந்து டீலர்களின் இணைய விற்பனைப் பிரிவுக்கு ஒரே மின்னஞ்சல். அவர்கள் தளத்தில் பார்த்த காரின் ஸ்டாக் எண்ணைக் குறிப்பிட்டு, 'இந்தக் காருக்கு எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து வரிவாரியாக மொத்த விலை அனுப்புங்கள், இந்த வாரம் முடிவெடுக்கிறேன்' என்று மட்டும் எழுதுவேன். தொலைபேசி எண் தரமாட்டேன். இரண்டு பேர் "நேரில் வாருங்கள், பேசலாம்" என்று பதில் போடுவார்கள். அவர்களை விட்டுவிடுவேன். மீதி மூவரில் குறைந்ததை மற்ற இருவருக்கும் அனுப்பினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். எழுத்தில் வந்த அந்தத் தொகையை அச்செடுத்துக்கொண்டுதான் நேரில் போவேன்.

மொத்தத்தைச் சரிபார்க்க வரி தெரிந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம். 32,000 டாலருக்கு 2,120. வேறு மாநிலத்துக்குப் போய் வாங்கினாலும் நீங்கள் பதிவு செய்யும் மாநிலத்தின் வரிதான் வரும், எனவே வரிக்காக ஊர் தாண்டிப் போக வேண்டாம்.

விலை பேசி முடித்தாயிற்று. இனி கவலை இல்லையே?

இங்கேதான் நான் விழுந்தேன். முதல் கார், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. விற்பனையாளர் இன்வாய்ஸ் தாளை என் பக்கம் திருப்பி, மொத்தத்தைப் பேனாவால் வட்டமிட்டு, "இதுக்கு மேல ஒரு டாலர் வேண்டாம்" என்றார். வீட்டுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். பிறகு 'ஃபைனான்ஸ் ஆபீஸ்' என்ற சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். ஏற்கெனவே மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பசி. மனைவி வெளியே நாற்காலியில், மடியில் தூங்கும் குழந்தையோடு.

அறையில் இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மாதம் எவ்வளவு கட்டுவது வசதியாக இருக்கும்?" நான் ஒரு தொகையைச் சொன்னேன். அந்தத் தொகைக்குள் நீட்டிப்பு வாரன்டி, பெயின்ட் பூச்சு, கண்ணாடியில் வாகன எண் பொறிப்பது, எல்லாவற்றையும் அடக்கிக் காட்டினார். 60 மாதம் 72 ஆனதை நான் கவனிக்கவில்லை. விற்பனையாளர் மேஜையில் மிச்சப்படுத்தியதைவிட அந்த அறையில் அதிகம் கொடுத்தேன்.

டீலர்ஷிப்புக்கு நல்ல வருமானம் தரும் அறை அதுதான். வங்கி உங்களுக்கு 6 சதவீதத்தில் கடன் தரத் தயாராக இருந்தாலும், டீலர் அதை 8 என்று உங்களிடம் சொல்லி இடையிலிருக்கும் வட்டியில் பங்கு எடுக்கலாம். இது சட்டபூர்வமானது. 30,000 டாலர் கடன், 60 மாதம் என்றால், 6 சதவீதத்துக்கு மாதத் தவணை 580, 8 சதவீதத்துக்கு 608. மாதம் 28 டாலர்தானே என்று தோன்றும். ஐந்தாண்டில் ஏறக்குறைய 1,700 டாலர். அதே 8 சதவீதத்தை 72 மாதத்துக்கு நீட்டினால் தவணை 526க்கு இறங்கும், பார்க்க மலிவாக இருக்கும். ஆனால் கட்டும் மொத்தம் 37,870. முதல் கணக்கில் மொத்தம் 34,800தான்.

ஆகவே டீலரிடம் போகுமுன் கிரெடிட் யூனியனிலோ (உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கம்) உங்கள் வங்கியிலோ கடனுக்கு முன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். டீலர் அதைவிடக் குறைந்த வட்டி தந்தால் எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவர்களுக்கு கிரெடிட் வரலாறு இருக்காது, வட்டி கூடுதலாகத்தான் வரும். முடிந்தால் முன்பணம் அதிகம் போட்டுக் கடனைச் சுருக்குங்கள். மாதத் தவணை பற்றிக் கேட்டால் "மொத்த விலையும் வட்டி விகிதமும் சொல்லுங்கள், தவணையை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.

இப்படி மறைத்து ஏற்றுவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

நாடு முழுவதற்குமாக ஒரு விதி வரவிருந்தது. மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் அறிவித்தது: முழு விலையையும் முதலிலேயே சொல்ல வேண்டும், வாங்குபவர் தெளிவாக ஒப்புக்கொள்ளாத எதற்கும் பணம் வாங்கக் கூடாது என்று. டீலர் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

பழைய காரை அங்கேயே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் புதுக் காரின் விலை எழுத்தில் வந்தபிறகு அந்தப் பேச்சை எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் ஒன்றில் கொடுப்பதை மற்றதில் எடுத்துவிடுவார்கள். பல மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்தபின் மீதிக்குத்தான் வரி, கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை. வெளியே விற்பதா, டீலரிடம் தருவதா என்று பார்க்கும்போது இந்த வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

லீஸுக்கும் இன்வாய்ஸ் பொருந்துமா?

பொருந்தும். லீஸ் என்பது காரைச் சில ஆண்டுகளுக்கு மாதவாடகைக்கு எடுப்பது. அதிலும் காருக்கு ஒரு விலை உண்டு, அதையும் பேரம் பேசலாம். வட்டியை மட்டும் 'மணி ஃபேக்டர்' என்று 0.0025 போலச் சொல்வார்கள். 2,400ஆல் பெருக்குங்கள்: 6 சதவீதம்.

டெஸ்லாவில் இன்வாய்ஸ் கேட்கலாமா?

அங்கே டீலரே இல்லை, கம்பெனி நேரடியாக விற்கிறது. எல்லாருக்கும் ஒரே விலை. பழைய கம்பெனிகளால் அப்படிச் செய்ய முடியாதபடி பல மாநிலங்களில் டீலர் பாதுகாப்புச் சட்டங்கள் இருக்கின்றன.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று நாளில் திருப்பித் தரலாமாமே?

இந்தத் தவறான நம்பிக்கை நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்கான மத்திய விதி அது. டீலர்ஷிப்பில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. புதுக் காரைப் பொறுத்தவரை கையெழுத்தோடு முடிந்தது.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை. நீட்டிப்பு வாரன்டி போன்ற ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் விதி இருக்கும். சீக்கிரம் ரத்து செய்தால் முழுத் தொகையோ பெரும்பகுதியோ திரும்பும், தள்ளிப்போட்டால் நாளுக்கு ஏற்பக் குறையும். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி அதிகமென்றால், சில மாதம் ஒழுங்காகத் தவணை கட்டியபின் கிரெடிட் யூனியனில் கடனை மாற்றிக்கொள்ளலாம். நான் வாரன்டியை மூன்றாவது வாரத்தில் ரத்து செய்தேன். பணம் என் கைக்கு வரவில்லை, கடன் கணக்கில் வரவானது. அதனால் மாதத் தவணை அப்படியே இருந்தது. கடைசியில் கட்ட வேண்டிய நான்கு தவணைகள்தான் குறைந்தன.